பழுத்த விண்டோஸ் அட்மின்களுக்கு லினக்ஸ்: எந்தப் பயிற்சிக்குக் காசு கொடுப்பது?

கோவை, திருப்பூர், கரூர் பக்கம் மில்களிலும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் சர்வர் அறைக்குள் எட்டிப் பார்த்தால், நான் கண்டவரை விண்டோஸ் சர்வர்தான் ஓடிக்கொண்டிருக்கும். டாலி, சம்பளக் கணக்கு, ஆர்டர் எடுத்ததில் இருந்து கன்டெய்னர் ஏற்றுவது வரை பார்க்கிற ஈஆர்பி, கேட்டில் கைரேகை வைக்கிற வருகைப் பதிவு, எல்லாம் அதன் தலைமேல். அதைக் கட்டி மேய்ப்பவர்களும் நேற்று வந்தவர்கள் இல்லை. விண்டோஸ் 2003 காலத்தில் இருந்தே ராத்திரி போன் எடுத்துப் பழகியவர்கள்.

இப்போது இடம் மாற வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. 2012, 2012 ஆர்2 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். புதிய பதிப்புக்குப் போவதென்றால் சர்வரின் கோர் கணக்குக்கு ஒரு லைசென்ஸ், அதைத் தொடுகிற ஆள் கணக்குக்கு இன்னொன்று. ஈஆர்பி விற்பவரோ அடுத்த பதிப்பை லினக்ஸும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுமாகத் தருகிறேன் என்கிறார். முதலாளி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லினக்ஸுக்கே போயிரலாமுங்க" என்று முடிவு செய்துவிடுகிறார். அடுத்த கேள்வி நம்மிடம் வருகிறது: "நம்ம பசங்கள எந்தக் கிளாஸுக்கு அனுப்பறதுங்க?" அந்தப் பசங்களில் ஒருவருக்கு வயது நாற்பத்தைந்து, மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்பது வேறு கதை.

கேள்வி நியாயமானது. ஆனால் புதிதாகப் படித்து வருகிற பையனுக்கு எந்த வகுப்பு நல்லதோ அது இவர்களுக்குச் சரிப்படாது. ஏன் என்று பார்த்துவிட்டு வழிகளுக்குப் போகலாம்.

தெரிந்ததே தடுக்கிவிடும் இடங்கள்

பதினைந்து வருஷம் சர்வர் பார்த்தவருக்கு ஐபி முகவரி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. டிஎன்எஸ், ரெய்டு, பேக்கப் எடுப்பது, எடுத்த பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது, எந்த மாற்றத்தையும் சனிக்கிழமை கூலி போடுகிற நேரத்தில் செய்யக் கூடாது என்பது, எல்லாம் கைவந்தது. நாமக்கல்லில் இருபது வருஷம் லாரி ஓட்டியவரிடம் டிரெய்லரைக் கொடுத்தால் சிக்னல் விதியில் இருந்து யாரும் ஆரம்பிப்பதில்லை. ரிவர்ஸ் எடுப்பதை மட்டும் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். ஏனென்றால் அங்கே ஸ்டீயரிங்கைப் பழைய வாக்கில் திருப்பினால் வண்டி எதிர்ப்பக்கம் போகும்.

லினக்ஸிலும் அப்படிப்பட்ட இடங்கள் சில உண்டு. முதலாவது ரீஸ்டார்ட். விண்டோஸில் வளர்ந்தவருக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் கை தானாக அங்கே போகும். ரெட் ஹேட் என்ற கம்பெனி தருகிற வகை லினக்ஸில், ஜர்னல் என்ற சிஸ்டம் பதிவுகள் இயல்பாக நினைவகத்தில்தான் இருக்கின்றன. நாம் சொல்லி வைத்தால்தான் டிஸ்கில் நிலையாக எழுதும். ரீஸ்டார்ட் செய்த கையோடு தடயத்தில் ஒரு பங்கு போய்விடும். வேறு கோப்புகளில் பதிவாகிற செய்திகள் மிஞ்சும், ஆனால் எதைத் தேடுவது என்று தெரியாத ஆளுக்கு அது போதாது. "ரீஸ்டார்ட் பண்ணீட்டனுங்க, இன்னும் வரலீங்க" என்று போன் வருகிறபோது, வராததற்கான காரணமும் சேர்ந்து அழிந்திருக்கும்.

இன்னொன்று டிஸ்க் நிறைவது. விண்டோஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிற கோப்பை அழிக்கப் போனால் பெரும்பாலும் விடாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று மறித்துவிடும். லினக்ஸ் மறிக்காது. பெயர் உடனே மறைந்துவிடும். ஆனால் அந்தப் புரோகிராம் கோப்பை விடுகிற வரைக்கும் இடம் திரும்பி வராது. பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்கிற டிஎஃப் கட்டளை நூறு சதவீதம் என்றே காட்டும், கோப்புகளின் அளவைச் சொல்கிற டியூ கட்டளையில் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வராது. இது தெரியாத அனுபவசாலி என்ன செய்வார்? இன்னும் நாலு கோப்பை அழிப்பார். அனுபவமே இல்லாத பையனாக இருந்தால் பயந்து யாரையாவது கேட்டிருப்பான்.

நினைவகக் கணக்கும் அப்படித்தான். லினக்ஸ் சும்மா கிடக்கிற ரேமை டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். "ஃப்ரீ" என்ற பத்தியில் சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு ரேம் வாங்கக் கொட்டேஷன் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே வரியின் கடைசிப் பத்தியில் "அவெய்லபிள்" என்று இருப்பதைப் பார்த்தால் போதும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ஒரு பொறி. ரெட் ஹேட் 2014-இல் வந்த ஏழாம் பதிப்பில் இருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது. அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலது கிளிக் செய்து வால்யூமைச் சுருக்கிப் பழகியவர், முதலில் எல்லா இடத்தையும் ஒன்றுக்கே கொடுத்துவிட்டு அப்புறம் தலையில் கை வைப்பார்.

ஒரு சேவையை ஓட்டுவது வேறு, அடுத்த பூட்டிலும் தானாக எழச் சொல்வது வேறு என்பதை அவர் அறிவார். சர்வீசஸ் ஜன்னலில் "ஆட்டோமேட்டிக்" என்று போடுவதுதானே அது. கட்டளை மட்டும்தான் புதிது. இப்படிப் பழைய அறிவு அப்படியே கைகொடுக்கிற இடங்கள் நிறைய. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு எஸ்இலினக்ஸ், எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று காவல் பார்க்கிற பாதுகாப்பு அடுக்கு. புதிதாக வருபவர்களை அழ வைக்கிற சமாச்சாரம் அது. ஒரு கோப்பை வீட்டு டைரக்டரியில் இருந்து வெப் சர்வர் டைரக்டரிக்கு நகர்த்தினால் அது பழைய எஸ்இலினக்ஸ் அடையாளத்தோடேயே வரும், வெப் சர்வர் அதைத் தொட மறுக்கும். நகல் எடுத்தால் புது இடத்தின் அடையாளத்தைப் பெறும், வேலை செய்யும். இதைக் கேட்டதும் விண்டோஸ் ஆள் சிரித்துவிடுவார். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் அதே வால்யூமுக்குள் கோப்பை நகர்த்தினால் பழைய அனுமதிகள் கூடவே வரும், நகல் எடுத்தால் புது ஃபோல்டரின் அனுமதிகள் ஒட்டும் என்பது அவர் பல வருஷம் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த ஒரு வாக்கியத்தில் முடிகிற பாடம், விண்டோஸே தெரியாத ஆசிரியரிடம் அரை நாள் இழுக்கும். கடைசியில் "எஸ்இலினக்ஸை அணைத்து விடுங்கள்" என்றுதான் முடியும்.

ஆகவே நான் வழிகளை ஒப்பிடுகிறபோது முதலில் கேட்பது இதைத்தான்: சொல்லித் தருபவருக்குப் பழைய சிஸ்டமும் தெரியுமா? சிலபஸ், சான்றிதழ், விலை எல்லாம் அதற்குப் பின்னால்.

ரெட் ஹேட்டின் சொந்த வகுப்பு

முதலாளிகளுக்கு உடனே நம்பிக்கை வருகிற வழி இது, பெயர் இருக்கிறதே. ஆர்எச்124, ஆர்எச்134 என்று இரண்டு வகுப்புகள், அதற்குப் பின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற தேர்வு. தேர்வை நான் மதிக்கிறேன். 3 மணி நேரம், கேள்விக்கு டிக் அடிக்கிற வேலையே கிடையாது. நிஜ மெஷினைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். 300-க்கு 210 எடுக்க வேண்டும். செய்து வைத்த எல்லாம் ரீபூட் ஆன பின்னும் நிற்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. சர்வர் அறைக்கு வேண்டிய ஒழுக்கம் அதில் இருக்கிறது. ஒப்பிட்டால் எல்பிஐசி-1 என்ற வேறொரு லினக்ஸ் சான்றிதழ் 60 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள். மனப்பாடக்காரரும் தேறிவிட இடமுண்டு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் செய்முறைத் தேர்வுதான், 2 மணி நேரம்.

வகுப்புகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பாடம் ஒழுங்கானது, லேப் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஆளுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே வேகத்தில் நடத்துவார்கள். அதுவும் முழு வாரம் உட்கார வேண்டும். அந்த வாரத்தில் மில்லில் யார் இருப்பது? ஒரே அட்மின் உள்ள கம்பெனியில், ஆன்லைன் வகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டே பிரின்டர் சரிசெய்யப் போவார்.

ஒரு எச்சரிக்கை. "அனுபவசாலிகளுக்கு" என்று போட்டு ஆர்எச்199 என்ற வேகப் பாடம் ஒன்று உண்டு. இரண்டு வகுப்பையும் ஒன்றாகச் சுருக்கியது. நம் ஆளுக்குப் பதினைந்து வருஷ அனுபவம் இருக்கிறதே என்று அதில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே கேட்கிற அனுபவம் லினக்ஸ் அனுபவம். உபுண்டு போன்ற வேறு லினக்ஸில் புழங்கியவருக்கு அது பொருத்தம். விண்டோஸ் ஆளை அதில் உட்கார வைத்தால் இரண்டாம் நாளே பின்தங்கி, தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு வந்த ஆளை மறுபடி கீபோர்டு முன்னால் உட்கார வைப்பது கஷ்டம்.

"சர்ட்டிஃபிகேட் வாங்கினாப் பெங்களூருக்குப் போயிருவானுங்க" என்கிற முதலாளிகளின் பயத்தையும் சொல்ல வேண்டும். போகிறவர் சான்றிதழ் இல்லாமலும் போவார். சொந்த வீடும் தோட்டமும் இங்கே இருக்கிற நாற்பத்தைந்து வயதுக்காரர் அவ்வளவு சுலபத்தில் கிளம்ப மாட்டார். பாண்டில் கையெழுத்து வாங்குவதைவிடச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பது மலிவு.

காந்திபுரத்து மாலை வகுப்பு

இதை விரைவாகக் கடந்துவிடலாம். கிராஸ்கட் ரோடு பக்கம் உள்ள இன்ஸ்டிட்யூட்களில் கட்டணம் குறைவு, மாலையில் நடக்கும், வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் பேட்ச்சில் பாதிப் பேர் இன்ஜினியரிங் முடித்து வேலை தேடுகிற பிள்ளைகள். பாடம் அவர்களுக்கானது, நேர்முகத் தேர்வில் கேட்கிற கேள்வியைச் சுற்றியே போகும். கூட உட்கார்ந்திருக்கிற அட்மின் மூன்றாம் வாரத்தில் "ஷிப்மென்ட் இருக்குதுங்க" என்று நின்றுவிடுவார். அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் அவரை மட்டும் தனியாகப் பேசி உங்கள் இடத்துக்கு வரவழைப்பது நல்லது. அது கீழே வருகிற வேறு வழி.

"யூட்யூப்ல பாத்தாப் பத்தாதுங்களா?"

பத்தாது, ஆனால் ஒதுக்கவும் கூடாது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. கணியம் இணைய இதழில் தமிழில் எழுதிய லினக்ஸ் கட்டுரைகள் ஏராளம். ரெட் ஹேட் தன் ஆவணங்களைத் திறந்தே வைத்திருக்கிறது. தனிநபருக்கான அதன் டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம் வரை இலவசம். அதுவும் வேண்டாம் என்றால் ரெட் ஹேட்டை ஒட்டி வருகிற அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் எந்தப் பதிவும் இல்லாமல் கிடைக்கும். பழைய கட்டுரைகள் அதே வகை லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7 என்று சொல்லித் தந்தால் மட்டும் ஜாக்கிரதை. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது.

தனியாகப் படிப்பதில் காசு பிரச்சினை இல்லை, நேரம்தான். வேலை நேரத்தில் படிக்க விடமாட்டார்கள், வீட்டுக்குப் போனால் படிக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், தனக்கு எது தெரியாது என்பது அனுபவசாலிக்குத் தெரியாது. வீடியோவைப் பார்க்கிறபோது எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார், ஏனென்றால் கருத்து அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். விரல்தான் பழகவில்லை.

இப்போது ஏஐயிடம் கேட்டு வாங்கிய கட்டளையை அப்படியே ஒட்டுகிற பழக்கமும் சேர்ந்திருக்கிறது. நல்ல விளக்கம் கேட்டுக்கொள்ள அது தோதானதுதான். ஆனால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருகிற இடத்தில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கிற 777-ஐயும், எஸ்இலினக்ஸைத் தற்காலிகமாகத் தளர்த்துகிற கட்டளையையும் ஒட்டிவிட்டு, வேலை நடக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கதவு வருஷக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

சரவணம்பட்டியில் இருந்து ஒரு தம்பியை எடுப்பது

லினக்ஸ் தெரிந்த இளைஞர் ஒருவரை வேலைக்கு எடுத்து, அவர் வழியாக மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்பது அடுத்த யோசனை. மேலுக்குப் பார்த்தால் இதுதான் கெட்டிக்காரத்தனம். பயிற்சிச் செலவு இல்லை, ஆள் ஒருவரும் கூடுகிறார்.

நடப்பது வேறு. தம்பிக்கு வேலை தெரியும், இந்த மில் தெரியாது. எந்த சுவிட்ச் எந்த ஷெட்டுக்குப் போகிறது, கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டிக்காகப் பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் ஏன் யாரும் சர்வரைத் தொடக் கூடாது, இதெல்லாம் பழைய அட்மினான அண்ணாவின் தலைக்குள் இருக்கிறது. அண்ணாவுக்கோ இருபத்தைந்து வயதுப் பையனிடம் "இது எப்படித் தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம். தம்பிக்கும் "அது அப்படி இல்லீங்ணா" என்று சொல்லத் தயக்கம். யார் மேலும் தப்பு இல்லை. விளைவாக லினக்ஸ் வேலையெல்லாம் தம்பியிடம், விண்டோஸ் வேலையெல்லாம் அண்ணாவிடம் என்று தானாகப் பிரிந்துவிடும். தம்பி ஒரு நாள் டைடல் பார்க்கில் வேறு கம்பெனிக்குப் போனால் அந்தப் பக்கம் இருட்டு.

ஆனாலும் இதை முழுதாகத் தள்ள மாட்டேன். இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, கீபோர்டு எப்போதும் அண்ணா கையில், தம்பி பக்கத்தில் வாய் வார்த்தை மட்டும் என்று வைத்தால் பலன் இருக்கிறது. அதை மேலாளர் கண்டிப்போடு நடத்த வேண்டும். அவசரம் வந்ததும் தம்பி கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வார். அதுதான் தடுக்க வேண்டிய இடம்.

வெளியாருக்கு விட்டுவிடுவது

பயிற்சியே வேண்டாம், லினக்ஸ் சர்வரை வருடாந்திர ஒப்பந்தத்துக்கோ கிளவுடுக்கோ விட்டுவிடலாம் என்பதும் ஒரு வழி. இரண்டு மூன்று சர்வர் மட்டும் உள்ள சிறிய யூனிட்டுக்கு இது நியாயமான முடிவாகக்கூட இருக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: பெருந்துறை சிப்காட்டில் இருக்கிற ஆலைக்கும் எங்கோ இருக்கிற சர்வருக்கும் நடுவில் லைன் அறுந்தால் கட்டிங் டேபிள் நிற்குமா, ஓடுமா? நிற்கும் என்றால் உள்ளூரில் ஒருவருக்காவது அது என்ன சிஸ்டம் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்போது பயிற்சிக் கேள்வி திரும்ப வந்துவிடும்.

நம் இடத்திலேயே லேப்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேலை பார்த்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். வகுப்பெடுக்கிற ஆசிரியரைவிட, இந்த மாற்றத்தைத் தானே ஒரு தடவை செய்து முடித்த அட்மின் மேல். அவர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும், ஒரேயடியாக ஐந்து நாள் வேண்டாம். நடுவில் உள்ள ஆறு நாளும் நம் ஆட்கள் செய்து பார்ப்பதற்கு.

லேப்புக்குப் புது மெஷின் தேவையில்லை. ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டுகிற ஹைப்பர்-வி வசதி இருக்கிற விண்டோஸ் சர்வரிலேயே உண்டு. அதில் அல்மாலினக்ஸைப் போடலாம், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு செக்பாயின்ட் எடுத்து வைத்துவிட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் உடைக்கலாம். முதல் பாடமே அங்கே கிடைக்கிறது. இரண்டாம் தலைமுறை வகை மெய்நிகர் மெஷினில், நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடுகிற செக்யூர் பூட்டின் டெம்ப்ளேட் விண்டோஸ் என்று இருந்தால் லினக்ஸ் எழாது; மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி என்ற டெம்ப்ளேட்டுக்கு மாற்ற வேண்டும். தனக்கு நன்றாகத் தெரிந்த ஹைப்பர்-விக்குள்ளேயே காரணத்தைக் கண்டுபிடிப்பதால், விண்டோஸ் அட்மின் அந்த நாளை ஒரு வெற்றியோடு தொடங்குகிறார்.

அடுத்து, அந்த லினக்ஸை, யூசர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஓரிடத்தில் வைக்கிற உங்கள் ஆக்டிவ் டைரக்டரியில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை சேரவில்லை என்றால் மெஷினின் நேரத்தையும் டிஎன்எஸ்ஸையும் பார்க்க வேண்டும். அதில் லாகினைச் சரிபார்க்கிற கெர்பரோஸ் இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது என்பதை விண்டோஸ்காரர்கள் ஏற்கெனவே அறிவார்கள். லினக்ஸில் குரோனி என்ற சேவை நேரத்தைப் பார்க்கிறது என்பது மட்டும் புதுச் செய்தி. இப்படி ஒவ்வொரு பாடமும் பழைய பெயரில் இருந்து தொடங்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் எதைத் தேடுவீர்கள், அது இங்கே ஜர்னலில் எப்படி. ரோபோகாப்பியில் ஃபோல்டரை மிரர் போடுகிற வேலை, லினக்ஸில் நகல் எடுக்கிற ஆர்சிங்கில் எப்படி, பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் என்ன மாறும். எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்தில் இருந்து அமைப்புகளைத் தள்ளுகிற குரூப் பாலிசிக்கு நேர் ஈடு இல்லை, அந்த இடத்தை அன்சிபிள் எந்த அளவுக்கு நிரப்பும். பவர்ஷெல்லில் எழுதிப் பழகியவர் மற்றவர்களைவிட விரைவாக ஏறிவிடுவார். ஆனால் பவர்ஷெல் குழாயில் பொருள்களை அனுப்பும், லினக்ஸின் பாஷ் வெறும் எழுத்தைத்தான் அனுப்பும் என்ற இடத்தில் அவரும் தடுக்குவார். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட், வரி முடிவில் ஒளிந்திருக்கிற ஒரு கூடுதல் எழுத்தால் ஓடாமல் நிற்பதை ஆளுக்கு ஒரு தடவை அனுபவித்துவிடட்டும்.

மவுஸ் பிடித்த கைக்கு காக்பிட் என்ற வெப் பக்கம் உதவும். சர்வரின் 9090 போர்ட்டில் பிரவுசரிலேயே சேவை, டிஸ்க், லாக் எல்லாம் தெரியும். சில லினக்ஸ்காரர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். முதல் மாதம் பயத்தைக் குறைக்கிற எதுவும் நல்லதுதான். அதே பக்கத்தில் டெர்மினலும் இருக்கிறது, மெதுவாக அங்கே வந்து சேர்வார்கள்.

இந்த லேப்பின் உயிர் உடைத்துப் போடுவதில்தான். பயிற்சியாளர் வருகிற நாளில் காலையில் மெஷினைக் கெடுத்து வைத்துவிட வேண்டும், அட்மின் வந்து எழுப்ப வேண்டும். பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும் என்று சொல்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் தப்பாக எழுதி வைத்தால் மெஷின் பூட் ஆகாமல் அவசர நிலையில் போய் நிற்கும். ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லலாம். அழித்த கோப்பைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு புரோகிராமை ஓடவிட்டு டிஸ்க்கை நிரப்பலாம். ஃபயர்வாலில் ஒரு விதியை நிரந்தரமாகப் போடாமல் தற்காலிகமாக மட்டும் போட்டுவிட்டு, ரீபூட்டுக்குப் பின் ஈஆர்பி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். உங்கள் பழைய டிக்கெட் பதிவுகளை எடுத்துப் பார்த்தாலே எதை உடைக்க வேண்டும் என்று பட்டியல் கிடைத்துவிடும். இரண்டு வருஷத்தில் எந்தக் கோளாறு எத்தனை தடவை வந்ததோ, அதே கோளாறு லினக்ஸில் எந்த முகத்தோடு வரும் என்பதுதான் பாடத்திட்டம்.

இந்த வழிக்குக் குறை இல்லையா? இருக்கிறது. பயிற்சியாளரைப் பொறுத்தே எல்லாம் அமையும். தப்பான ஆள் மாட்டினால் தப்பான பழக்கம் ஒட்டும். பாடம் உங்கள் வேலையை ஒட்டியே போவதால், உங்களுக்கு வராத கோளாறுகள் விட்டுப்போகும். வெளியில் காட்ட ஒரு காகிதமும் கிடைக்காது. இந்த மூன்றுக்கும் சேர்த்து, லேப் முடிந்த பிறகு அணியில் ஒருவரை மட்டும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்கு அனுப்புவது நல்லது. யார் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். யாருக்கு அரிக்கிறதோ அவர் கையைத் தூக்குவார்.

எப்போது வைத்துக்கொள்வது என்பதும் பாதி வெற்றி. ஷிப்மென்ட் நெருக்கமான மாதங்களையும், தீபாவளி போனஸ் கணக்கு ஓடுகிற வாரங்களையும் விட்டுவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாள் பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும். மெஷின் ஓடாத அந்தப் பகலில் ஆபீஸ் போனும் குறைவாகவே அடிக்கும். ஜெனரேட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ லேப் மெஷினை மட்டும் ஓட்டிக்கொண்டு உடைத்துப் பழகலாம்.

யாருக்கு எது

பனியன் யூனிட், ஒரே அட்மின், லினக்ஸில் ஒரு ஈஆர்பி மட்டும் என்றால்: சர்வரை ஒப்பந்தத்துக்கு விடுங்கள், அட்மினுக்குத் தமிழ் வீடியோக்களும் வாரம் அரை நாளும் கொடுங்கள். கோளாறைத் தானே தீர்க்காவிட்டாலும், போனில் சரியாக விவரம் சொல்கிற அளவுக்கு வந்தால் போதும். டாலி எப்படியும் விண்டோஸில்தான் இருக்கப் போகிறது, அவருக்கு வேலை குறையாது.

நான்கைந்து அட்மின்கள் உள்ள மில் குழுமம், ஏழெட்டு சர்வர்கள் மாறப் போகின்றன என்றால் சந்தேகமே வேண்டாம், சொந்த லேப். கம்பெனிக்குள்ளேயே ஒரு லினக்ஸ் தம்பி இருந்தால் அவரையும் அதில் உட்கார வையுங்கள், விண்டோஸ் பக்கத்தை அவர் கற்றுக்கொள்ள.

வாடிக்கையாளரின் சர்வரைப் பார்க்கிற ஐடி சேவை நிறுவனம் என்றால் கணக்கு வேறு. அங்கே சான்றிதழே விற்பனைப் பொருள். ரெட் ஹேட் வகுப்புக்குக் கொடுத்த காசு டெண்டரில் திரும்பிவிடும்.

ஏற்கெனவே லினக்ஸ் அட்மின்கள், போக வேண்டியது ஃப்ரீபிஎஸ்டி போன்ற வேறு யூனிக்ஸ் என்றால் வகுப்பே வேண்டாம் என்பேன். அந்தத் திட்டத்தின் கையேடு அருமையானது. அடிப்படை சிஸ்டம் ஒரு பக்கம், பிறகு நிறுவிய மென்பொருள் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் என்ற பாதைக்குள் தனியாக என்ற பிரிவினையைப் புரிந்துகொண்டு, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் சில வாரம் விளையாடினால் மீதி தானாக வரும். இங்கே தூரம் குறைவு, பொறிகளும் குறைவு.

பயிற்சியாளரிடம் கொட்டேஷன் வாங்குகிறபோது ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் ஒரு பாதி கடைசிச் சோதனைக்குப் பிறகுதான். சோதனை இப்படி: பயிற்சியாளர் நம் அணிக்குக் காட்டாத ஒரு கோளாறை நீங்கள் ஏற்பாடு செய்த மூன்றாம் நபர் மெஷினில் வைக்கிறார். பயிற்சியாளர் அறைக்கு வெளியே இருக்கிறார். நம் அட்மின் இணையத்தைப் பார்க்கலாம், கையேட்டைப் பார்க்கலாம், யாருக்கும் போன் போடக் கூடாது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் லாக்கைத் திறந்து பார்த்தாரா என்பதற்கே பாதி மதிப்பெண். இந்த நிபந்தனைக்குத் தயங்குகிற பயிற்சியாளருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.